இருவரையும் சேரவிடாமல் தடுப்பது எது? ஆங்கிலக் காதல் நாவல் வகைகள் குறித்து ஒரு பதில்

ரமணிசந்திரன் நாவல்களில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்தாயிற்று, இனி ஆங்கிலத்தில் வாசிக்கலாம் என்றால் ரீஜென்சி, கேட்டகரி, கோதிக், பாராநார்மல் என்று ஏகப்பட்ட பெயர் சொல்கிறார்கள், எல்லாமே கடைசியில் கல்யாணத்தில்தானே முடிகிறது, பிறகு என்ன வித்தியாசம், எதில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பார்ப்பதற்கு வகைகளின் பட்டியலைக் கேட்பது போலத் தெரிகிறது. ஆனால் முடிவு முன்கூட்டியே தெரிந்த கதையில் நமக்குப் பிடித்திருப்பது எது, அது எந்த வகையில் கிடைக்கும், காசு கொடுத்து வாங்குவதற்கு முன்பே அதைக் கண்டுபிடிக்க வழி உண்டா என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். ஆங்கில வெகுஜன நாவல்களைப் பல ஆண்டுகளாகப் பாடமாக நடத்தி வருவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எனக்குப் பழக்கம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வெளிவந்தவைதான். கொரிய, ஜப்பானிய இணையத் தொடர்களின் கணக்கு வேறு, அதற்குள் போகவில்லை.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒன்று. காதல் நாவல் என்று ஒரு புத்தகம் விற்கப்பட வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. காதல்தான் மையக் கதையாக இருக்க வேண்டும். முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தருவதாக இருக்க வேண்டும். 1980இல் தொடங்கப்பட்ட அமெரிக்கக் காதல் எழுத்தாளர் சங்கம் வகுத்த இலக்கணம் இது. பதிப்பாளர்களும் வாசகர்களும் கிட்டத்தட்ட ஒப்பந்தம் போலவே இதை நடத்துகிறார்கள். நாயகன் கடைசி அத்தியாயத்தில் செத்துப்போகிற கதை எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் இந்த அலமாரியில் சேராது, காதல் உள்ள பொது நாவல் என்றுதான் வைப்பார்கள். ஆகவே 'சுபம்' நிச்சயம் என்று நம்பியே நீங்கள் கையில் எடுக்கலாம். அது பலவீனம் அல்ல, இந்த வடிவத்தின் அடித்தளமே அதுதான். சேர்வார்களா என்ற கவலை போய்விடுவதால், எப்படிச் சேரப்போகிறார்கள் என்பதில் முழுக் கவனமும் வைக்க முடிகிறது.

அந்த 'எப்படி'யை நிர்ணயிப்பது தடை. இந்த இரண்டு பேரும் இன்றைக்கே ஏன் சேர முடியாது? இதற்கு நாவல் தரும் பதில்தான் ஒரு வகையை இன்னொரு வகையிலிருந்து பிரிக்கிறது. உடையும் காலமும் அட்டைப்படமும் அதற்குப் பிறகுதான். காதல் நாவலின் கட்டமைப்பைப் பற்றி பமீலா ரீஜிஸ் 2003இல் எழுதிய ஆய்வு நூலில் எட்டு அங்கங்களைச் சொல்கிறார். அவர்கள் வாழும் சமூகம், சந்திப்பு, தடை, ஈர்ப்பு, காதலை வெளிப்படுத்துவது, எல்லாமே முடிந்துபோயிற்று என்று தோன்றும் கட்டம், தடையை வெல்ல வைக்கும் புரிதல், நிச்சயம். வரிசை மாறலாம், ஒன்று இரண்டு முறை வரலாம். எட்டையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தடை எது, அது எந்த இடத்தில் உடைகிறது என்று இரண்டை மட்டும் பார்த்தால் போதும்.

ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலை வைத்து இதைக் காட்டுகிறேன், ஏனென்றால் பின்னால் வந்த பாதிப் பேர் இந்த அளவுகோலை வைத்தே தைக்கிறார்கள். மொத்தம் 61 அத்தியாயம். நாயகி எலிசபெத்தின் அப்பாவுக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்டு வருமானம், ஆனால் ஆண் வாரிசு இல்லாததால் அவர் காலத்துக்குப் பிறகு சொத்து தூரத்து உறவினரான காலின்ஸுக்குப் போய்விடும். வீட்டில் ஐந்து பெண்கள். நாயகன் டார்சிக்கு ஆண்டுக்கு 10,000. இது வெளித்தடை. அவனுடைய அகம்பாவமும், அவனைப் பற்றி அவள் அவசரப்பட்டு எடுத்த முடிவும் உள்தடை. 34ஆம் அத்தியாயத்தில், கிட்டத்தட்ட நட்டநடுவில், அவன் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறான். உன் குடும்பம் எனக்கு ஈடில்லை என்று சொல்லிக்கொண்டே கேட்கிறான். அவள் மறுத்துவிடுகிறாள். மறுநாள் அவன் எழுதிக் கொடுக்கும் கடிதம் உள்தடையை உடைக்கத் தொடங்குகிறது. 46ஆம் அத்தியாயத்தில் தங்கை லிடியா ஒருவனோடு ஓடிப்போன செய்தி வருகிறது. டார்சியை நேசித்திருக்க முடியும் என்று எலிசபெத் முதன்முதலாக உணர்வது அந்த நிமிடத்தில்தான், இனி அவன் தன் வீட்டுப் பக்கமே வரமாட்டான் என்று தோன்றுகிற அதே நிமிடத்தில். 58ஆம் அத்தியாயத்தில்தான் இரண்டாவது முறை கேட்கிறான். நடுவில் ஒரு திருப்பம், முக்கால் பாகத்தில் ஒரு இடி, கடைசிச் சில அத்தியாயங்களில் விடிவு. இன்றைய காதல் நாவல்களில் பெரும்பாலானவையும் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. உள்தடையும் வெளித்தடையும் ஒன்றையொன்று இறுக்குவதால்தான் 61 அத்தியாயமும் தளராமல் நிற்கிறது.

இப்போது வகைகளுக்கு வருகிறேன். ரீஜென்சி என்பது கறாராகச் சொன்னால் 1811 முதல் 1820 வரை, மூன்றாம் ஜார்ஜ் மன்னர் நோயுற்றிருந்ததால் மகன் பதில் ஆளுநராக இருந்த ஒன்பது ஆண்டுகள். நாவல்காரர்கள் முன்னும் பின்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்வார்கள். இதைத் தனி வகையாக நிலைநிறுத்தியவர் ஜார்ஜெட் ஹேயர், அவருடைய முதல் ரீஜென்சி நாவல் 1935இல் வந்தது. இங்கே தடையைத் தருவது சமூக விதி. கல்யாணமாகாத பெண் ஒரு ஆணோடு தனியாக இருந்ததை யாராவது பார்த்துவிட்டால் பெயர் கெட்டுப்போகும், ஒன்று அவனையே கட்டிக்கொள்ள வேண்டும் அல்லது ஊரை விட்டு ஒதுங்க வேண்டும். நம் ஊர் வாசகருக்கு இதை யாரும் விளக்கவே வேண்டாம். கல்யாணம் ஆனதும் பெண்ணின் பணமும் நகையும் சட்டப்படி கணவனுடையவை. அந்த நிலை 1870, 1882ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பிறகுதான் மாறியது. 1857 வரை முழு விவாகரத்துக்கு நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டியிருந்தது. தப்பான ஆளைக் கட்டிக்கொண்டால் ஆயுள் முழுக்க மீட்சியில்லை என்ற பயம் ஒவ்வொரு நடனக் காட்சிக்கும் அடியில் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பயத்தை எழுத்தாளர் உணர்ந்திருந்தால்தான் ரீஜென்சி நன்றாக வரும்.

அது உணரப்படாத நாவலை எப்படித் தெரிந்துகொள்வது? சின்னச் சின்ன விஷயங்கள் காட்டிக்கொடுத்துவிடும். 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி, லைசென்ஸ் வாங்கிச் செய்யும் கல்யாணத்துக்கு 21 வயது நிரம்பாதவர்கள் பெற்றோர் சம்மதம் காட்ட வேண்டும். இல்லையென்றால் தேவாலயத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு செய்ய வேண்டும், அப்போது பெற்றோர் எழுந்து மறுத்தால் முடிந்தது. ஸ்காட்லாந்தில் இந்தச் சட்டம் செல்லாது. அதனால்தான் ஓடிப்போகிறவர்கள் எல்லாரும் எல்லையை ஒட்டிய கிரெட்னா கிரீன் கிராமத்துக்கு ஓடுகிறார்கள். லண்டனிலிருந்து அது ஏறத்தாழ 500 கிலோமீட்டர். வழிநெடுகக் குதிரை மாற்றிக்கொண்டு, வாடகையும் சுங்கமும் கட்டிக்கொண்டு போக வேண்டும். இரவு கிளம்பிக் காலையில் தாலி கட்டினார்கள் என்கிற மாதிரி ஒரு நாவல் எழுதியிருந்தால், அதன் மற்ற விவரங்களையும் நம்ப வேண்டியதில்லை. பட்டப்பெயர்களும் அப்படித்தான். டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுன்ட், பேரன் என்று மேலிருந்து கீழே இறங்கும். பேரனட் அதற்கும் கீழே, அவரை 'லார்ட்' என்று கூப்பிட மாட்டார்கள், 'சர்' தான். அரச குடும்பத்தாரை விட்டால் அன்று இருந்த டியூக்குகள் முப்பது பேருக்குள்தான், அவர்களிலும் பலர் வயதானவர்கள். நாவல்களிலோ திரும்பிய பக்கமெல்லாம் இளம் டியூக்தான். இதை நான் குறையாக எண்ணவில்லை, வகையின் மரபு என்றே ஏற்கலாம். கிரெட்னா கிரீன் தவறு அப்படியல்ல, தடையையே மலிவாக்கிவிடுகிறது.

அடுத்தது கேட்டகரி. மில்ஸ் அண்ட் பூன் என்று நம் ஊரில் ஒரு தலைமுறையே வாடகை நூலகங்களில் வாங்கி வாசித்ததே, அதுதான். 1908இல் லண்டனில் பொதுப் பதிப்பகமாகத் தொடங்கி, 1930களில் காதல் நாவல் பக்கம் திரும்பி, 1971இல் கனடாவின் ஹார்லெக்வின் நிறுவனத்தோடு சேர்ந்தது. ஒவ்வொரு வரிசைக்கும் தனிப் பெயர், தனி அளவு. பெரும் பணக்கார நாயகன் வரும் மாடர்ன் வரிசையில் (அமெரிக்காவில் அதே வரிசைக்கு பிரசென்ட்ஸ் என்று பெயர்) ஒரு நாவல் சுமார் 50,000 சொற்கள். மருத்துவமனைக் கதைகளுக்கும் சரித்திரக் கதைகளுக்கும் வேறு வரிசைகள் உண்டு. 50,000 சொல்லுக்குள் துணைக் கதாபாத்திரத்துக்கோ கிளைக்கதைக்கோ இடமே இல்லை, முதல் சில பக்கங்களிலேயே இருவரும் நேருக்கு நேர் வந்தாக வேண்டும். இதுதான் இந்த வகையின் பலம். இரண்டு பேர் ஒரே அறையில் பேசிக்கொள்வதைக் கூர்மையாக எழுதக் கற்றுக்கொண்டவர்கள் இங்கிருந்துதான் வந்திருக்கிறார்கள். பலவீனமும் அதே இடத்தில்தான். தடையை வளர்க்க நேரமில்லாதபோது எழுத்தாளர் தப்பெண்ணத்தைப் பிடித்துக்கொள்கிறார். வேறொருத்தியோடு பார்த்தேன், பாதிக் கடிதத்தை வாசித்தேன், முழுக்கக் கேட்காமல் வீட்டை விட்டுக் கிளம்பினேன் என்று. வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்துவிடுகிற தடை நூறு பக்கத்துக்கு மேல் தாங்காது.

கோதிக் வகையில் தடை என்பது நாயகன் மேலேயே உள்ள சந்தேகம். பெரிய பழைய வீடு, எதையோ மறைக்கிற எஜமானன், வேலைக்கோ மனைவியாகவோ வந்த பெண். 1847இல் வந்த 'ஜேன் அயர்' இதற்கு மூலம். 1960களில் இந்த வகை அமோகமாக விற்றபோது, இருட்டில் வீட்டை விட்டு ஓடிவரும் பெண்ணும் பின்னால் ஒரே ஒரு ஜன்னலில் விளக்குமாக அட்டைகள் வந்தன. மெதுவாக நகரும் கதை பிடிக்குமென்றால் இது உங்களுக்கு. துப்பறியும் காதல் நாவலில் ஆபத்து வெளியிலிருந்து வருகிறது, இரண்டு கதைகள் கூடவே ஓடும். குற்றவாளி பிடிபட்டதும் காதலும் தானாகச் சரியாகிவிட்டால் அது பாதிதான் எழுதப்பட்ட நாவல்.

பாராநார்மல் என்றால் இயற்கைக்கு மீறியவர்கள் வரும் கதை, அதில் தடை அந்த உலகத்தின் விதி. அவனுக்குச் சாவில்லை, அவளுக்கு உண்டு. இரண்டு இனங்களுக்கும் பகை. இந்த வகையில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்றுதான். விதியை உருவாக்குகிறவரே எழுத்தாளர் என்பதால், முடிக்கத் தெரியாதபோது புதிதாக ஒரு விதியைக் கொண்டுவந்து முடிச்சை அவிழ்த்துவிடுகிறார். தீர்வுக்குத் தேவையான விதி முதல் பாதியிலேயே சொல்லப்பட்டிருந்தால் நல்ல நாவல். அதைவிடக் கடினம் சமகாலக் காதல் நாவல் என்பேன். படித்த, சம்பாதிக்கிற, யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத இரண்டு பேரை எது தடுக்கும்? சமூகம் தடுக்காததால் எழுத்தாளர் சூழ்நிலையைச் செய்துகொள்கிறார். பொய்க்கு நிச்சயம் செய்துகொள்வது, அலுவலகப் பகை, ஒரே வீட்டில் தங்க நேர்வது. இவை கதையைத் தொடங்கி வைக்கும், அவ்வளவுதான். துக்கம், பழைய மணமுறிவு, பெற்றோரைப் பார்த்து வந்த பயம் என்று உள்ளே ஏதாவது இருந்தால்தான் கடைசிவரை ஓடும். அது இல்லாத நாவல்களில் முக்கால் பாகத்தில் காரணமே இல்லாமல் ஒரு சண்டை வரும், வாசிக்கும்போதே இடிக்கும்.

இதையெல்லாம் உங்கள் வாசிப்போடு பொருத்திப் பார்த்தால், ரமணிசந்திரன் பாணியில் உங்களைப் பிடித்து வைத்திருப்பது தன்மானம் விட்டுக்கொடுக்காத நாயகி, விறைப்பான வசதியான நாயகன், குடும்பத்தின் தலையீடு என்ற மூன்றும்தான் என்று நினைக்கிறேன். கல்யாணம் முதலில், காதல் பிறகு என்ற கதைகள் பிடிக்குமென்றால், ரீஜென்சியில் வசதிக்காகச் செய்துகொள்ளும் கல்யாணம் என்று ஒரு பெரிய கிளையே இருக்கிறது. ஹேயரின் 'எ சிவில் கான்ட்ராக்ட்' (1961) அதில் சிறந்தது என்பது என் கருத்து. கடனில் மூழ்கிய பிரபு ஒருவன் பணத்துக்காக வியாபாரியின் மகளைக் கட்டிக்கொள்கிறான், அவன் மனதில் இருப்பது வேறொருத்தி. ஆவேசமான காதல் காட்சி எதுவும் கிடையாது. கணவனுக்கு என்ன பிடிக்கும் என்று பார்த்துப் பார்த்து வீட்டை நடத்துகிற ஜென்னியை நம் வாசகர்களுக்கு உடனே அடையாளம் தெரியும். ஆனால் முதல் புத்தகமாக எடுக்காதீர்கள். ஹேயரின் ஆங்கிலத்தில் அந்தக் காலத்துக் கொச்சை நிறைய, பழகாதவருக்கு முதல் ஐம்பது பக்கம் கஷ்டம். அவருடைய வர்க்கப் பார்வையும் சங்கடமானது. 'தி கிராண்ட் சோஃபி'யில் (1950) வரும் யூத வட்டிக்காரரை வரைந்த விதம் அப்பட்டமான இனவெறுப்பு, தெரிந்துகொண்டே வாசிப்பது நல்லது.

மொழிப் பயிற்சிக்கு முதலில் சமகாலக் கேட்டகரி நாவல்கள் இரண்டு மூன்று வாசியுங்கள். உரையாடல் அதிகம், வாக்கியம் சின்னது. தெரியாத சொல் வரும்போதெல்லாம் அகராதியைத் திறந்தால் கதை விட்டுப்போகும். ஒரே சொல் மூன்றாவது முறை வந்தால் மட்டும் பாருங்கள். அதன் பிறகு இன்றைய எழுத்தாளர்களின் ரீஜென்சி, அப்புறம் ஆஸ்டின், கடைசியில் ஹேயர். ஆஸ்டினும் 'ஜேன் அயர்'உம் காப்புரிமை முடிந்தவை, குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

வாங்குவதற்கு முன் சோதிக்க: மின்னூல் கடைகள் பொதுவாகப் பத்தில் ஒரு பங்கை மாதிரியாகத் தருகின்றன. 90,000 சொல் நாவலுக்கு அது 9,000 சொல், மூன்று அத்தியாயம் மாதிரி வரும். அதற்குள் இருவரும் சந்தித்திருக்க வேண்டும். ஏன் சேர முடியாது என்பதை ஒரே வரியில் நீங்கள் எழுத முடிய வேண்டும். அந்த இடத்தை விட்டு அவள் ஏன் போய்விட முடியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முதல் இரண்டும் இருந்து மூன்றாவது இல்லாத நாவல்கள்தான் பாதியில் கைவிடப்படுகின்றன, அவளுக்கு அங்கே இருக்கக் காரணமே இல்லாததால் எல்லாம் தற்செயலாக நடக்கும். படுக்கையறைக் காட்சிகள் எவ்வளவு இருக்கும் என்பதை வகைப் பெயரை வைத்துச் சொல்லிவிட முடியாது. ரீஜென்சியிலேயே முத்தத்தோடு நிற்பவையும் உண்டு, நிற்காதவையும் உண்டு. வாசகர் விமர்சனங்களில் 'க்ளோஸ்டு டோர்' (காட்சி மறைவாக நிற்பது), 'ஓப்பன் டோர்' (விரிவாகக் காட்டுவது) என்று குறித்திருப்பார்கள், அதைப் பாருங்கள். முதல் பதிப்பு ஆண்டையும் பார்க்க வேண்டும். 1972இல் வெளிவந்து சரித்திரக் காதல் நாவல்களுக்குப் பெரிய சந்தையைத் திறந்துவிட்ட 'தி ஃபிளேம் அண்ட் தி ஃபிளவர்' நாவலில் நாயகனே நாயகியைத் தொடக்கத்தில் பலாத்காரம் செய்கிறான். அதைப் பின்பற்றி அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் அப்படிப் பல நாவல்கள் வந்தன. மறுபதிப்பில் அட்டை புதிதாக இருக்கும், உள்ளே இருப்பது பழையதுதான். அதைக் காதல் என்று ஏற்க என்னால் முடியவில்லை, தெரியாமல் நீங்கள் அதில் மாட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

இதையெல்லாம் வாசித்தால் நிஜ வாழ்க்கை பற்றிய எதிர்பார்ப்பு கெட்டுப்போகுமா என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இங்கே உறுதியாகப் பேச முடியாது. அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது ஜானிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் ஓர் ஊரில் காதல் நாவல் வாசிக்கும் நாற்பது சொச்சம் பெண்களிடம் கேட்டறிந்தது. வீட்டில் எல்லாரையும் கவனிக்கிற தங்களுக்கென்று கிடைக்கிற ஒரே நேரம் இதுதான் என்று அவர்கள் சொன்னதைப் பதிவு செய்தார். அது அந்தப் பெண்களைப் பற்றிய உண்மை. கும்பகோணத்தில் அல்லது கோலாலம்பூரில் உட்கார்ந்து வாசிப்பவருக்கு அதை அப்படியே நீட்டிப்பது ஊகம். கெடுக்கும் என்று சொல்பவர்களும் கெடுக்காது என்று சொல்பவர்களும் பெரும்பாலும் சொந்த அபிப்பிராயத்தைத்தான் சொல்கிறார்கள்.

இன்னொன்று, தொடர்களைப் பற்றி. இன்றைய ரீஜென்சியில் ஒரு குடும்பத்து அண்ணன் தம்பி அக்கா தங்கைக்கு ஆளுக்கொரு நாவல் என்று எழுதுவது வழக்கம். ஒவ்வொன்றும் தனித்தே நிற்கும், ஆனால் நான்காவதை முதலில் வாசித்தால் முந்தைய மூன்று ஜோடிகளும் குழந்தை குட்டியோடு வந்து நிற்பார்கள், அவர்கள் கதையில் சுவாரசியம் குறையும். பாராநார்மல் தொடர்களில் பெரும்பாலும் உலகத்து விதிகள் முதல் புத்தகத்தில்தான் விளக்கப்படும், அதை விட்டுவிட்டு நடுவில் நுழைந்தால் பாதி புரியாது. ஆகவே முதல் வகையில் எந்தப் புத்தகத்தின் மாதிரி பிடிக்கிறதோ அதிலிருந்தே தொடங்கலாம், இரண்டாவதில் வரிசைப்படியே போங்கள்.